இராமானுஜமும் உபகாரச் சம்பளமும்

ஆண்டுதோறும் ஆனித் திங்கள் பிறக்குமுன்னரே நம் கலாசாலை அலுவலகத்தின் நீண்ட தாழ்வாரம் நிறைந்துவிடுகின்றது. இடவப்பாதி மழை ஓட்டுக் கூரையினின்றும் சரஞ்சரமாய் இறங்க, நனைந்த குடைகளைச் சுவரிற் சாய்த்துவிட்டு அங்கு நிற்போர் பெரும்பாலும் பெற்றோரே, மாணாக்கர் சிலர்தாம். விண்ணப்பங்கள் இக்காலத்துக் கணினி வழியாகவே செல்கின்றனவாயினும், தகுதிப் பட்டியலை நேரிற் கண்டாலன்றி அவர்தம் மனம் அமைவதில்லை போலும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நெகிழியுறை. அதனுள் மதிப்பெண் பட்டியலும், வருமானச் சான்றும், சாதிச் சான்றும், நல்லொழுக்கச் சான்றும். கதவு திறக்குந்தோறும் அத்தனை முகங்களும் ஒருசேரத் திரும்பும்.

யானும் அவ்விடத்து நின்றவனே. என் தந்தையார் குலசேகரத்துக்கு அணித்தானதொரு தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுந் தொழிலினர். மழை நாளிற் பால்வெட்டு இல்லை. அதனாலேயே அன்று அவர் என்னுடன் வர இயன்றது. கூலியில்லாத நாளே காத்திருக்கக் கிடைத்த நாளாயிற்று. காலை முதல் அவர் ஒன்றும் பேசவில்லை. பட்டியலில் என் பெயரைக் கண்டபின்னும் பேசவில்லை. கட்டணச் சலுகையும் உண்டென்று எழுத்தர் கூறிய பின்னரே, எதிர்ப்புறத்துக் கடைக்கு என்னை அழைத்துச் சென்று இரண்டு தேநீர் சொன்னார்.

அந்நாள் முதலாக, பெரியார் ஒருவரின் சரித்திரத்தைப் படிக்குந்தோறும், அவர் பொருட்டுத் தாழ்வாரத்தில் நின்றவர் யாவர் என்று தேடும் பழக்கம் எனக்கு உண்டாயிற்று. அவ்வாறு தேடிப் படித்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது கணித மேதை ஸ்ரீநிவாஸ இராமானுஜத்தின் வாழ்வு. தமிழ் பயிலும் ஒருவன் கணிதரின் கதையை எழுதப் புகுவது முறையோ என்று கணித வகுப்பு நண்பர்கள் வினவக்கூடும். அவர் கண்ட தேற்றங்களை விளக்குதல் அவர்கட்கே உரியது. அதனை அவர்கட்கே விட்டுவிடுகின்றேன். யான் சொல்லப் புகுவது அவர்தம் கட்டணக் கணக்கை மாத்திரமே.

இராமானுஜம் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்திற் பிறந்தார். பாட்டனார் அவ்வூர் முன்சீபு கோர்ட்டில் அமீனாவாக உத்தியோகம் பார்த்தவர். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஜவுளிக் கடையொன்றிற் கணக்கெழுதும் குமாஸ்தா. மாதச் சம்பளம் 20 ரூபாய். அச்சம்பளம் குடும்பத்துக்குப் போதாமையால், தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பஜனைப் பாடல்கள் பாடிச் சிறு தொகை ஈட்டிவந்தார். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்த அவர்தம் சிறு வீட்டில், கலாசாலையிற் படிக்கவந்த வெளியூர் மாணாக்கர் இருவர்க்கு இடமும் உணவும் அளித்து அதனாலும் சிறிது வருவாய் பெற்றனர். அவ்விருவருள் ஒருவர் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்தவர். மற்றவர் நமக்கு அண்டையதாகிய திருநெல்வேலிச் சீமையினர். வாடகைக்கு வந்த இவ்விருவரே சிறுவனுக்கு முதற் கணித ஆசிரியரும் ஆயினர் என்பது வியப்பு. 11 வயதிற்குள் அவர்கள் அறிந்த கணிதமனைத்தையும் அவன் கேட்டுத் தீர்த்துவிட்டான். 13 வயதில் அவர்களிடம் இரவல் பெற்ற லோனி என்பாரின் திரிகோண கணித நூலையும் முற்றக் கற்றான்.

கோமளத்தம்மாளைப் பற்றி இங்கு ஒரு சொல். மூத்த மகன் இரண்டு வயதில் வைசூரி கண்டு பிழைத்தான். அவனுக்குப் பின் பிறந்த மூன்று மகவுகளும் குழவிப் பருவத்திலேயே மாண்டன. ஆகவே பத்தாண்டு வரையில் அவ்வம்மையார்க்கு எஞ்சியவன் இவன் ஒருவனே. சோதிடம் வல்லவர், நாமக்கல் நாமகிரித் தாயாரிடத்து நீங்காத பக்தியுடையவர். தாயும் மகனும் ஓய்ந்த வேளைகளில் தரையிற் கோடு கீறி, 3 புலியும் 15 ஆடும் வைத்து ஆடுபுலி ஆட்டம் ஆடுவர். தந்தையாரைப் பற்றிச் சரித்திரம் எழுதினோர் கூறுவன மிகச் சில. அவர் காலையில் எழுந்து கடைக்குச் சென்றார், இரவில் மீண்டார். இத்தகையோர் பலரை யான் அறிவேன். ஆதலின் அவரைப் பற்றி ஒன்றும் எழுதப்படாமை எனக்கு வருத்தந் தருகின்றதேயன்றி வியப்புத் தரவில்லை.

1897-ஆம் ஆண்டில் நடந்த ஆரம்பப் பரீட்சையிற் சிறுவன் தஞ்சாவூர் ஜில்லா முழுவதிலும் முதல்வனாகத் தேறினான். அதன் பயனாகக் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் அரைச் சம்பளம் செலுத்திப் படிக்கும் அநுமதி கிடைத்தது. இதுவே அக்குடும்பம் பெற்ற முதற் சலுகை. 20 ரூபாய்ச் சம்பளத்தார் இல்லத்தில் பாதிச் சம்பளம் குறைதல் எத்துணைப் பெரிது என்பதனை, தேநீர்க் கடையில் என் எதிரே அமர்ந்திருந்தவர் முகத்தைக் கொண்டு யான் அளந்தறிவேன்.

பள்ளியிற் புகழ் வளர்ந்தது. 1904-ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பு முடிந்தபொழுது, கணிதத்துக்கென அமைந்த ரங்கநாத ராவ் பரிசு அவர்க்கே அளிக்கப்பட்டது. பரிசளிப்பு விழாவில் தலைமை ஆசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர், நூற்றுக்கு நூறு என்னும் அளவு இம்மாணவனுக்குப் போதாது என்னுங் கருத்துப்பட அவையோர்முன் புகழ்ந்தார். இதற்கு முந்திய ஆண்டிலேயே அவர் கைக்கு வேறொரு நூல் வந்து சேர்ந்திருந்தது. கார் என்னும் ஆங்கிலேயர், பரீட்சைக்குப் படிப்பார் பொருட்டு, ஆயிரக்கணக்கான கணித முடிபுகளை நிறுவல் பெரிதுங் காட்டாது வரிசையாய்த் தொகுத்த நூல் அது. பிறர்க்கு அது நினைவுக் குறிப்பு. இவர்க்கோ ஒவ்வொரு வரியும் ஒரு வினா. விடையைத் தாமே காணப் புகுந்தார். கண்டதற்கு அப்பாலும் சென்றார். அதன்பின் வேறெதனையும் படிக்க அவரால் இயலவில்லை.

அவ்வாண்டே கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் எப்.ஏ. வகுப்பிற் சேர்ந்தார். காவிரிக்கரையில் விளங்கிய அக்கலாசாலையைத் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று அக்காலத்தார் வழங்குவர். அங்கு ஜூனியர் சுப்பிரமணியம் உபகாரச் சம்பளம் அவர்க்குக் கிடைத்தது. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேர்ச்சி மிக்கார்க்கு வழங்குதல் அதன் மரபு. ஆங்கிலத்திலும் என்னும் சொல்லை வாசகர் நினைவிற் கொள்க.

வகுப்பில் ஆசிரியர் உரோமாபுரிச் சரித்திரம் நடத்துங்கால் இவர் ஏட்டில் எண்கள் நிரம்பும். உடற்கூற்றுப் பாடத்துக்கும் அதே கதி. ஆண்டு முடிந்தபொழுது ஆங்கிலக் கட்டுரைப் பரீட்சையில் தேறவில்லை. மேல்வகுப்புக்கு மாற்றம் இல்லை. உபகாரச் சம்பளமும் நின்றது. ஒரு பருவத்துக்குச் செலுத்தவேண்டிய சம்பளம் 32 ரூபாய். தந்தையார் ஒன்றரை மாதத்துக்கு மேல் கணக்கெழுதினாலன்றி அது கூடாது. அந்நாள்களில் வீட்டில் உண்ண ஒன்றும் இருத்தலாகாது. இதற்கிடையில் 1898-இல் ஒரு தம்பி பிறந்திருந்தான். 1905-இல் மற்றொரு தம்பியும் பிறந்தான்.

அப்பொழுதுதான் கோமளத்தம்மாள் கலாசாலைத் தலைவரைக் காணப் புறப்பட்டார். இக்காட்சியிலேயே என் மனம் பலகாலும் சென்று நிற்கின்றது. இந்நாளில் அன்னையர் அலுவலகக் கதவைத் தட்டுதல் எளிது. 1905-இல் ஓர் ஐயங்கார் இல்லத்துப் பெண்மணி, ஆடவர் நிறைந்த அரசாங்கக் கலாசாலையுட் புகுந்து தலைவர் முன் நின்று வழக்குரைத்தல் எளிதன்று. கணவர் செல்லவில்லை, அவர் கடையில் இருந்தார். அம்மையார் கெஞ்சவுமில்லை, சினந்தே பேசினார். தம் மகனுக்கு நிகராகக் கணிதம் அறிந்தவன் அக்கலாசாலையில் ஒருவனும் இலன். அத்தகையவனுக்கு உபகாரச் சம்பளத்தை மறுப்பது எங்ஙனம் தகும் என்பது அவர் வாதம். தலைவர் மரியாதையுடன் கேட்டார், ஆயினும் இசையவில்லை. விதி விதியே; ஆங்கிலக் கட்டுரையில் மகன் தேறாமை ஐயத்துக்கு இடமற்றது என்பது அவர் விடை.

இவ்விடத்தில் தலைவரைக் கொடியவராகக் காட்டி எழுதுவது வழக்கம். யான் அதற்கு உடன்படேன். அவர் முன்னிருந்தது ஓர் அறக்கட்டளையின் விதி; ஆங்கிலமும் கணிதமும் வல்லானுக்கென அப்பணம் வைக்கப்பட்டது. அதனை விதிப்படி பெறத்தக்க மற்றொரு மாணாக்கன் இருந்தான் எனின், அவனுக்கும் ஓர் அன்னை கும்பகோணத்தின் ஏதோ ஒரு தெருவிற் காத்திருந்திருப்பாள். ஆனால் கோமளத்தம்மாள் கூறியதும் உண்மையே. இரண்டு உண்மைகள் ஒரு மேசையின் இருபுறமும் எதிர்நின்றன, மேசைக்குரியவர் வென்றார்.

தாயின் தோல்வியைக் கண்ட மகன் சில திங்கள் வகுப்பிற்குச் சென்றார். பின் 1905 ஆகஸ்டில் ஒருவர்க்குஞ் சொல்லாது இரயிலேறி வடக்கே விசாகப்பட்டினத்துக்கு ஓடிவிட்டார். அப்போது அவர்க்கு வயது 17. செப்டம்பர்த் தொடக்கத்திற் பையனைக் காணவில்லை என்னுஞ் செய்தி சென்னைப் பத்திரிகையில் வெளிவந்தது. சிறிது காலஞ் சென்று வீடு மீண்டார். மறுபடியுங் கலாசாலைக்குச் சென்றார். ஆயினும் வருகை நாள் குறைந்தமையாற் பருவச் சான்று கிடைக்கவில்லை. 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்தார். அங்கும் கணித ஆசிரியர் வியந்தனர். அங்கும் உடற்கூறு பகையாயிற்று. ஜீரண உறுப்புக்களைப் பற்றிய வினாவுக்குச் சில வரிகளே எழுதி, அப்பாடம் தமக்கு ஜீரணமாகவில்லை என்னுங் கருத்துப்பட முடித்துவைத்தார் என்பர். நோய் கண்டு ஊர் திரும்பினார். 1907 டிசம்பரில் தனி மாணாக்கராய் எப்.ஏ. பரீட்சை எழுதினார், மீண்டுந் தேறவில்லை. சர்வகலாசாலையின் கதவு அத்துடன் அடைபட்டது.

இதன்பின் வந்த ஆண்டுகளை விரைந்து கடப்போம். 1909 ஜூலையில் கோமளத்தம்மாள் மகனுக்கு ஜானகி என்னும் பத்து வயதுச் சிறுமியை மணம் முடித்துவைத்தார். மணமானவர் சம்பாதிக்க வேண்டுமன்றோ? கையில் இரண்டு குறிப்பேடுகளுடன் இராமானுஜம் வேலை தேடிப் புறப்பட்டார். 1910-இல் திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராயிருந்தவரும் இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவருமான இராமசுவாமி ஐயரைக் கண்டு, தாலுகாக் கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலை வேண்டினார். அவர் ஏடுகளைப் புரட்டிப் பார்த்து, இத்தகையவரைக் கச்சேரியில் அடைப்பது பாவம் என எண்ணி, வேலை தர மறுத்துச் சென்னைக்குக் கடிதங் கொடுத்தனுப்பினார். மறுக்கப்பட்டமையாலேயே நன்மை விளைந்த ஓரிடம் இது. நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் 25 ரூபாய் தம் கையினின்றே உதவிவந்தார். இவர்க்கு உபகாரச் சம்பளம் பெற்றுத்தர அன்பர் சிலர் மேலும் முயன்றனர், அம்முயற்சியும் பயன்படவில்லை. பிறர்க்குப் பாரமாயிருத்தலை வெறுத்த இராமானுஜம் 1912 மார்ச்சு 1-ஆம் நாள் சென்னைப் போர்ட் டிரஸ்டில் 30 ரூபாய்ச் சம்பளத்திற் குமாஸ்தாவாக அமர்ந்தார். தந்தையும் குமாஸ்தா, மகனும் குமாஸ்தா. காகிதத்துக்குப் பணமின்மையாற் கற்பலகையிற் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிபை மட்டும் ஏட்டில் எழுதுவார். அவ்வலுவலகத்தில் மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். தலைவர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் துரையும் நல்லவர். அது அவர் செய்த தவப்பயன்.

1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கலாசாலை ஹார்டி துரைக்கு அவர் எழுதிய கடிதம் உலகறிந்தது. அதற்குமுன் வேறிரு பேராசிரியர்க்கு எழுதி ஒரு பயனும் பெறவில்லை. ஹார்டி விடை எழுதினார். அவ்விடைக்கு இராமானுஜம் பிப்ரவரித் திங்களில் எழுதிய மறுமொழியைப் படிக்கையில் என் நெஞ்சு நெகிழ்ந்தது. மூளையைக் காத்துக்கொள்ள வயிற்றுக்கு உணவு வேண்டும் என்றும், தாம் அரைப்பட்டினியாய் இருப்பதாகவும், ஹார்டியிடமிருந்து இரக்கமுள்ள ஒரு கடிதம் வந்தால் சர்வகலாசாலையோ அரசாங்கமோ உபகாரச் சம்பளம் அளிக்க அது துணைசெய்யும் என்றும் அதில் எழுதினார். எட்டாண்டுகட்கு முன் தாய் ஒரு வாயிலிற் சென்று நேரிற் கேட்டதனை, மகன் இப்பொழுது கடல் கடந்து எழுத்திற் கேட்டார்.

அதே திங்களில், வானிலை ஆராய்ச்சித் தலைவர் வாக்கர் என்னுங் கணித அறிஞர் சென்னைக்கு வந்திருந்தார். அவர்க்கு இராமானுஜத்தின் ஏடுகள் காட்டப்பட்டன. இவர்க்கு உதவ வேண்டும் என்று அவர் சர்வகலாசாலைக்கு எழுதினார். மார்ச்சில் கணிதப் பாடக் குழுவினர் கூடி, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளிக்கலாம் எனப் பரிந்துரைத்தனர். ஆனால் சிண்டிகேட்டில் ஒரு தடை எழுந்தது. ஆராய்ச்சிச் சம்பளம் எம்.ஏ. பட்டம் பெற்றார்க்கே உரியது, இவரோ எப்.ஏ. பரீட்சையிலேயே தோற்றவர். கும்பகோணத்தில் எழுந்து நின்ற அதே விதி, பெரிய உருவெடுத்து மறுபடியும் வாயிலை மறித்தது.

இம்முறை மேசையைச் சுற்றியிருந்தவருள் சட்டம் வல்ல நீதிபதி ஒருவர் இருந்தார். அவர் விதியைத் தள்ளவில்லை. அவ்விதிக்குத் தாயாகிய சட்டத்தின் முகவுரையை எடுத்துக்காட்டி, ஆராய்ச்சியை வளர்ப்பதும் இச்சர்வகலாசாலையின் நோக்கங்களுள் ஒன்றன்றோ என வினவினார். தடை நீங்கிற்று. கலாசாலைத் தலைவரிடம் கோமளத்தம்மாள் வைத்த வாதமும் ஏறத்தாழ இதுவே. அதனைச் சொல்லத்தக்க இடத்தில் சொல்லத்தக்கவர் அன்று இல்லை. 1913 மே 1-ஆம் நாள் முதல் உபகாரச் சம்பளம் வழங்கப்பெற்றது. போர்ட் டிரஸ்ட் விடுமுறை அளித்தது. மூன்று திங்கட்கு ஒருமுறை செய்த வேலைக்கு அறிக்கை தரவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. அவ்வறிக்கைகளுள் ஒன்றைக் கண்ட சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலைக் கணிதப் பேராசிரியர் ராஸ் துரை, அதிலுள்ளது போலந்து நாட்டார் ஒருவர் அண்மையிற் கண்ட முடிபேயாக இருத்தலால், இராமானுஜத்துக்குப் போலிஷ் மொழி தெரியுமோ என்று வினவினார் என ஒரு செய்தி உண்டு. மிஷன் கலாசாலை மாணவனாகிய யான் இதனைச் சொல்லாது விடுதல் ஒல்லுமோ?

வாழ்நாளில் முதன்முறையாக, கணிதஞ் செய்தற்கென்றே அவர்க்குச் சம்பளம் வந்தது. வயது 25. தந்தையார் வாங்கியதனைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு.

பின்னர்க் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் என்னும் இளைஞர் சென்னைக்கு விரிவுரையாற்ற வந்தார். இராமானுஜத்தை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை ஹார்டி அவரிடம் ஒப்புவித்திருந்தார். கடல் கடத்தல் ஆசாரத்துக்கு இழுக்கு என்னும் அச்சம் குடும்பத்தில் இருந்தது. அந்நிலையிற் கோமளத்தம்மாள் ஒரு கனாக் கண்டார். ஐரோப்பியர் நடுவே தம் மகன் வீற்றிருக்க, அவன் வழியைத் தடுக்க வேண்டாவென நாமகிரித் தாயார் பணித்தனராம். கனாவைப் பற்றி யான் கருத்துரைக்க வரவில்லை. மகனுக்காகத் தலைவர் அறைவரை சென்ற தாய், அவன் பொருட்டு மேலும் ஓரடி எடுத்துவைத்தார் என்பதளவே எனக்குத் தெரிகின்றது. சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இரண்டாண்டுக்கு அளிக்க இசைந்தது. உடை முதலியவற்றுக்கும் கப்பற் கட்டணத்துக்கும் தொகை தனி. குடுமியைக் களைந்து ஐரோப்பிய உடை தரித்த கோலத்தைத் தாயும் மனைவியும் காணலாகாதென, அவர்களை முன்னரே கும்பகோணத்துக்கு இரயிலேற்றிவிட்டு, 1914 மார்ச்சு 17-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தில் நெவாஸா என்னுங் கப்பலேறினார்.

புறப்படுமுன் அவர் செய்த ஏற்பாடு ஒன்று உண்டு. 250 பவுனில் 50 பவுனை ஆண்டுதோறும் குடும்பத்துக்கே செலுத்திவிட வேண்டும் என்பது. அக்காலத்து ஒரு பவுன் 15 ரூபாய். 50 பவுன் 750 ரூபாய். மாதத்துக்கு 62 ரூபாய் 8 அணா. தந்தையார் மூன்று மாதம் ஏடெழுதிப் பெறும் கூலிக்கும் அது மிகுதி. இந்தக் கணக்கு மட்டும் எனக்கும் விளங்கிற்று.

இங்கிலாந்தில் அவர் வாழ்ந்த ஐந்தாண்டுகளைப் பற்றிப் பெரு நூல்களே உண்டு. எப்.ஏ. தேறாதவர்க்கு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியின் பொருட்டு பி.ஏ. பட்டம் அளித்தது. 1918-இல் ராயல் சொஸைட்டியின் பெல்லோவாகவும், அவ்வாண்டு அக்டோபரில் டிரினிட்டிக் கலாசாலையின் பெல்லோவாகவும் தெரிந்தெடுக்கப்பெற்றார். ஆனால் 1917 முதலே நோய் அவரைப் பற்றிக்கொண்டது. யுத்த காலம்; மரக்கறி உணவு கிடைத்தல் அரிது; குளிரோ கொடிது. மருத்துவ விடுதி ஒன்றினின்றும் மற்றொன்றுக்கு மாறிக்கொண்டேயிருந்தார்.

1919 மார்ச்சில் பம்பாய்த் துறையில் இறங்கியபொழுது அவரை எதிர்கொண்டவர் கோமளத்தம்மாளே. கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் இருந்து, கடைசியிற் சென்னைச் சேத்துப்பட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். படுக்கையிலும் கணிதம் நிற்கவில்லை. இறப்பதற்கு மூன்று திங்கட்குமுன் அவர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் பொருளை அறிஞர் இன்றும் ஆராய்ந்துவருகின்றனர். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் உயிர் நீத்தார். வயது 32. ஜானகி அம்மையார்க்கு அப்பொழுது 21. அவர் தையற்றொழில் கற்றுத் திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் தைத்தே வாழ்ந்து, 1994-இல் மறைந்தார். அவ்வம்மையார் காத்திருந்த காலம் வேறொரு கட்டுரைக்கு உரியது.

ஒரு செய்தியை மட்டும் இறுதியிற் சொல்ல வைத்திருந்தேன். 1918-ஆம் ஆண்டு முடிவில், இராமானுஜம் தாய்நாடு திரும்புவார் என அறிந்த சென்னைச் சர்வகலாசாலை, அவர்க்கு ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஐந்தாண்டுக்கு அளிக்கத் தீர்மானித்தது. இம்முறை அவர் விண்ணப்பம் எழுதவில்லை. எவரும் வாயிலில் நிற்கவில்லை. இலண்டன் புட்னியில் மருத்துவ விடுதியிற் கிடந்த அவர், 1919 ஜனவரி 11-ஆம் நாள் சர்வகலாசாலை ரிஜிஸ்திரார்க்கு மறுமொழி எழுதினார். கொடையை நன்றியுடன் ஏற்பதாகக் கூறியபின், அத்தொகை தமக்குத் தேவையானதற்கு மிகுதி என்றார். ஆண்டுதோறும் 50 பவுன் தம் பெற்றோர்க்குச் செல்ல வேண்டும். தம் செலவுக்குப் போக எஞ்சியதனைக் கல்விக்கே பயன்படுத்த வேண்டும். சிறப்பாக, ஏழைப் பிள்ளைகளுக்கும் அனாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைப்பதற்கும், பள்ளிகளுக்குப் புத்தகங்கள் வாங்குவதற்கும் அது ஆக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். டவுன் ஹைஸ்கூலில் அரைச் சம்பளம் செலுத்திப் படித்ததனை அவர் மறக்கவில்லை.

கடிதம் அத்துடன் முடியவில்லை. உடல்நலம் இன்மையால் இரண்டாண்டாக முன்போல் மிகுதியாகக் கணிதஞ் செய்யக்கூடவில்லை எனத் தம் வருத்தத்தைத் தெரிவித்து, விரைவில் மேலுஞ் செய்ய இயலும் என நம்புவதாகவும், தமக்கு அளிக்கப்பட்ட உதவிக்குத் தகுதியுடையவராவதற்கு இயன்றமட்டும் முயல்வதாகவும் எழுதிக் கையொப்பமிட்டார். அவ்வாறு எழுதியபொழுது அவர் ராயல் சொஸைட்டியின் பெல்லோ ஆகி எட்டுத் திங்கள் கடந்திருந்தன.